மூன்றாவது குற்றம்

சாகும்வரை உண்ணாமல் இருப்பதென்று முடிவெடுத்தவர் அந்த நோன்பில் செய்யக்கூடாத குற்றங்கள் ஐந்து என்கிறது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் தேவலை என்று எண்ணக்கூடாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றும் எண்ணக்கூடாது. அனுபவித்த சுகங்களை அசைபோடக்கூடாது. நோன்பின் பலனாக மறுபிறப்பில் இன்னது வேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. இந்த நான்கும் யாருக்கும் புரியும். மூன்றாவது இடத்தில் நிற்பதுதான் தொண்டையில் சிக்குகிறது: நண்பர்கள்மேல் அன்பு வைக்கக்கூடாது. உமாசுவாதி சூத்திரம் எழுதியவர், அதனால் விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். இரத்தினகரண்டகம் எழுதிய சமந்தபத்திரர் இன்னும் கறார். அன்பு வைப்பதுவரை போக வேண்டாம், நண்பர்களை நினைத்தாலே குற்றம் என்கிறார். தமிழில் அருங்கலச்செப்பு என்று வந்திருப்பது இந்த நூலின் வழியில் வந்ததுதான்.

சமணர்கள் சல்லேகனை என்று சொல்லும் இந்த நோன்பு பற்றித்தான் என் எம்.ஏ. ஆய்வேடு. நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை இந்த மூன்றாவது குற்றம் எனக்கு ஒரு பட்டியலின் மூன்றாவது வரி, அவ்வளவுதான். மாசி மாதத்தில் ஒரு நாள் சித்தன்னவாசல் போனபோது அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பஸ்ஸில் ஏறி, சித்தன்னவாசலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து, "நாங்களும் அங்கதாங்க்கா போறோம், எங்ககூட எறங்குங்க" என்று ஒரு குரல். கீரனூர்ப் பெண், பி.ஏ. தமிழ் படிக்கிறாள். பக்கத்தில் அவளோடு விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் அறந்தாங்கிப் பெண். இருவருக்கும் காவலாக அனுப்பப்பட்ட, ஆனால் அவர்களுக்குப் பயந்துகொண்டு வந்த, கீரனூர்க்காரியின் அத்தை மகன் ஆலங்குடியிலிருந்து. பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். வீட்டில் விளைந்த கடலையை அவித்து ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்திருந்தான். ஒரு கை கடலையைத் தோல் உரித்து முடிப்பதற்குள் எந்த ஊர், என்ன படிப்பு, ஏன் தனியாக வந்தீர்கள், வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா எல்லாம் கேட்டு முடித்தார்கள். சங்கரன்கோவில் என்றதும், "அங்க பிரியாணி நல்லா இருக்குமாமே" என்றான் ஆலங்குடிக்காரன். சமண மலைக்குப் போகும் வழியில் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பேசினோம், அந்தப் பேச்சு நிறுத்தம் வரும்வரை ஓயவில்லை.

சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம், குன்றின் உச்சியை ஒட்டி, கிழக்குப் பக்கமாக இருக்கும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துப் போக வேண்டியிருந்ததால் இந்தப் பெயர். இப்போது பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருக்கிறது, அப்படியும் ஒரு பக்கம் கீழே பார்த்தால் வயிற்றைப் புரட்டுகிறது. குகை உயரம் குறைவு, உள்ளே போகப் போக முதுகை வளைக்க வேண்டும். தரையில் 17 படுக்கைகள். கல்லையே இழைத்து வழவழப்பாக்கி, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடு விட்டிருக்கிறார்கள், தலையணை. படுக்கைகளின் ஓரங்களில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. பெரிய படுக்கையில் இருப்பது தமிழி எழுத்து, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழையது. மற்றவை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வந்து தங்கியவர்களின் பெயர்கள்.

படங்களில் எத்தனையோ முறை பார்த்த இடம்தான். படத்தில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. படுக்கைகளுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. ஒருவர் கையை நீட்டினால் அடுத்தவர்மேல் படும். இருமினால் கேட்கும். தூக்கத்தில் முனகினால் கேட்கும். கடைசி நாட்களில் ஒருவருக்கு மூச்சு வாங்குவது பக்கத்தில் கிடப்பவருக்குக் கேட்காமல் இருக்காது.

மழைக்காலத்தில் தங்கவும், தவம் செய்யவும், சிலர் உண்ணாநோன்பில் உயிர் விடவும் இப்படிப்பட்ட குகைகளைப் பயன்படுத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். மழையில்லாத எட்டு மாதமும் சமண முனிவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மகாவீரர் சிற்றூரில் ஓர் இரவு, பட்டணத்தில் ஐந்து இரவு, அதற்குமேல் தங்கமாட்டார் என்கிறது கல்பசூத்திரம். மழையில் நடந்தால் புழு பூச்சி மிதிபடும் என்பதற்காக நான்கு மாதம் ஓரிடத்தில் இருக்கச் சொன்னார்கள். மற்ற நாட்களில் ஓரிடத்தில் இருந்தால் மிதிபடுவது வேறு: இடம் பிடித்துப்போகும், சோறு போடும் வீட்டுக்காரம்மாவைப் பிடித்துப்போகும், எதிர்வீட்டுக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிடும். ஐந்து இரவுக்கு மேல் ஆபத்து என்று கணக்குப் போட்டவர்கள் மனிதமனத்தை அறியாதவர்கள் இல்லை. பற்று முளைக்க வருடக்கணக்கில் பழக வேண்டும் என்று நாம்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெரிய படுக்கையின் கல்வெட்டைக் கீரனூர்ப் பெண் பலகையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். வகுப்பில் தமிழி எழுத்தைக் கொஞ்சம் படித்திருக்கிறாள், அதனால் கல்லையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஒருவருக்குச் சிறுபொசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது பொதுவாக ஏற்கப்படும் பொருள். எழுத்தெழுத்தாகப் பிரிப்பதில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. எருமி நாடு என்றால் மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். ஆக, படுத்தவர் வெளியூர்க்காரர். எங்கிருந்தோ நடந்து வந்து சேர்ந்த ஒருவருக்கு இன்னொருவர் கல்லில் இடம் செய்து தந்திருக்கிறார், தந்ததோடு, வந்தவர் எந்த நாட்டில் எந்த ஊரில் பிறந்தவர் என்பதையும் கேட்டு வெட்டிவைத்திருக்கிறார்.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. துறவிக்கு ஏது ஊர்? வீட்டை விட்டபோது ஊரையும் விட்டாயிற்று. காவுடி தானாக வந்து, நான் குமுழூரான் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. இளையர் கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் என்னைக் கேட்டார்களே, எந்த ஊர் என்று, அந்தக் கேள்வி. இந்தப் பக்கத்து மண்ணில் அது 2000 வருடமாகக் கேட்கப்படுகிறது என்று சொன்னால் மிகை என்பீர்கள். சரி, மிகைதான். ஆனால் சாட்சி கல்லில் இருக்கிறது.

ஆலங்குடிக்காரன் நேராக விஷயத்துக்கு வந்தான். "ஏங்க்கா, எல்லாத்தையும் விட்டவருக்கு எதுக்குப் படுக்கை? அதக் கொத்திக் குடுத்தவனுக்குப் புண்ணியமா பாவமா?"

சமணத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். அடைக்கலமாக இடம் தருவது அபயதானத்தில் சேரும், ஆகவே புண்ணியம்தான் என்றேன். ஆனால் அங்கேயே ஒரு கொக்கி இருக்கிறது. புண்ணியமும் வினைதான், அதுவும் உயிரைக் கட்டும். இரும்புச் சங்கிலியானாலும் பொன் சங்கிலியானாலும் கட்டுவது ஒன்றே என்கிறார் குந்தகுந்தர் சமயசாரத்தில். திருவண்ணாமலை மாவட்டத்துப் பொன்னூர் மலையில் தவம் செய்தவர் என்று தமிழ்ச் சமணர் கொண்டாடும் அதே குந்தகுந்தர். "அப்ப இளையர் மாட்டிக்கிட்டார்" என்றான். மாட்டிக்கொண்டது இளையர் மட்டும்தானா என்பதுதான் என் கேள்வி. அந்தக் கல்லில் தலை சாய்த்த காவுடிக்கு, செய்துகொடுத்தவரின் முகம் ஒரு நாளும் நினைவில் வரவில்லையா? வந்திருந்தால், அது மூன்றாவது குற்றம்.

"தற்கொலை இல்லையாக்கா இது?" என்று அறந்தாங்கிப் பெண் கேட்டாள். நீதிமன்றமும் இதைத்தான் கேட்டது. 2015 ஆகஸ்ட்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்த நோன்பு சட்டப்படி குற்றம் என்றது. அந்த மாதம் முடிவதற்குள் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. சமணர்களின் வாதம், சாக வேண்டும் என்ற ஆசையே இதில் குற்றம் என்பது. பட்டியலில் இரண்டாவதாக அது இருக்கிறதல்லவா. அந்த வாதத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டை மூன்றாவதோடு.

கீரனூர்ப் பெண் சும்மா விடவில்லை. "அப்ப கோப்பெருஞ்சோழன்?" என்றாள். நல்ல கேள்வி. அது உறையூர்க் கதை, கீரனூர்க்காரிக்குப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. பிள்ளைகளோடு பகை முற்றி, வடக்கிருந்து உயிர்விட முடிவு செய்த சோழன், பாண்டிநாட்டுப் பிசிராந்தையாருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டுவைக்கச் சொல்கிறான். இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லோரும் சந்தேகப்பட, அவர் வந்தும் சேர்ந்தார். பொத்தியாரும் கூட இருக்க வந்தபோது, உன் மனைவி பிள்ளை பெற்றபின் வா என்று திருப்பியனுப்பிவிட்டான் சோழன். அவரும் சொன்னபடி திரும்பிவந்து நடுகல்லின் முன் நின்றார். இது நடந்தது ஆற்றிடைக்குறையில், ஆற்றின் நடுவே மரநிழல் விழுந்த ஒரு திட்டில் என்று புறநானூற்றிலிருந்து தெரிகிறது. நட்புக்குக் கூடிப் பழக வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சி போதும் என்னும் குறளுக்குப் பரிமேலழகர் எடுத்துக்காட்டாகச் சொல்வது இந்த இருவரைத்தான்.

இரண்டும் உண்ணாமல் உயிர்விடுவதுதான். சமண நோன்புக்கும் வடக்கிருத்தலுக்கும் தொடர்பு உண்டா, எது எதிலிருந்து வந்தது என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. என் கண்ணில் படுவது வேறு. அங்கே நண்பனை நினைத்தால் நோன்பு பழுது. இங்கே நண்பன் இல்லாமல் நோன்பே நிறைவாகவில்லை, அவனுக்கென்று இடம் ஒதுக்கித்தான் உட்காருகிறார்கள். சோழன் மானத்துக்காக இருந்தான், முனிவர் விடுதலைக்காக, ஆகவே ஒப்பிடக்கூடாது என்று ஆய்வேட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு போட்டுத் தப்பிக்கலாம். கல்லில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியிருக்கும் படுக்கைகளைப் பார்த்தபின் அந்த அடிக்குறிப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தனித்தனிக் குகையில் ஆளுக்கொரு பக்கம் கிடந்தவர்களுக்கு மூன்றாவது விதி தேவையே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இன்னொருவர் கிடக்கும்போதுதான் அந்த விதி தேவைப்படுகிறது. அது அன்பில்லாதவர்கள் எழுதிய விதி அல்ல. அன்பு எங்கே பிடிக்கும் என்று அறிந்தவர்கள் எழுதியது.

பிடி எவ்வளவு வலுவானது என்பதற்குச் சமணர்களே ஒரு கதை சொல்கிறார்கள். மகாவீரரின் முதல் சீடர் கௌதமர். அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேர் முற்றறிவு அடைந்தார்கள், கௌதமருக்கு மட்டும் கிட்டவில்லை. காரணம், குருவின்மேல் வைத்த அன்பு. வேறு எல்லாப் பற்றும் போய்விட்டது, அது ஒன்று போகவில்லை. மகாவீரர் நிர்வாணம் அடைந்த இரவில் அழுது, அந்த அழுகையின் முடிவில்தான் தெளிந்தார் என்பது கதை. சமணர்கள் தீபாவளி கொண்டாடுவது அந்த இரவைத்தான். ஆக, முதல் சீடரே மூன்றாவது குற்றத்தில் மாட்டிக்கொண்டவர். அவரைச் சமணம் தள்ளிவைக்கவில்லை, இன்றுவரை மகாவீரருக்கு அடுத்துக் கும்பிடுகிறது.

கம்பிக் கதவுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தோம். அறந்தாங்கிப் பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா சிங்கப்பூர்ல இப்படித்தாங்க்கா படுத்திருக்கார்" என்றாள். போனில் படம் காட்டினாள். இரும்புக் கட்டில்கள், மேலும் கீழுமாக, இடையே ஒரு ஆள் திரும்பும் இடம். கட்டில் கம்பியில் லுங்கி, ஒரு ஹெல்மெட், பிளாஸ்டிக் பையில் என்னவோ. அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர் கடலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் அவரும் பேசுவார். "அவரையும் சித்தப்பான்னுதான் கூப்புடுவேன். பாத்ததே இல்ல."

பார்க்காத சித்தப்பா. எனக்குக் கரீபியன் தீவுகள் நினைவுக்கு வந்தன. 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் 1845இல் டிரினிடாடுக்கும் முதல் கூலிக் கப்பல்கள் போயின. அவை கல்கத்தாவிலிருந்து போனவை, பின்னால் சென்னையிலிருந்தும் போயின. பிரெஞ்சுக்காரர் 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் கடல். ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கை. சாதி, ஊர், சொந்தம் எல்லாம் துறைமுகத்தோடு நின்றுவிட்டது. எழுதுகிறவன் காதில் விழுந்தபடி பெயரும் மாறிப்போனது. முனிவர் மனமறிந்து செய்வதை இவர்களுக்குக் கட்டாயமாகச் செய்தார்கள்: வீடில்லை, ஊரில்லை, உறவில்லை, பழைய பெயரும் இல்லை.

அப்படி அறுத்துவிட்ட மனத்தில் என்ன முளைத்தது? கப்பலில் கூட வந்தவன் உடன்பிறந்தவன் ஆனான். டிரினிடாடிலும் கயானாவிலும் அவர்களை ஜஹாஜி பாய், கப்பல் அண்ணன் தம்பி என்றார்கள். கப்பல் உறவைச் சொந்த இரத்தமாகவே கொண்டதால், அவர்கள் பிள்ளைகளுக்குள் கல்யாணம் கூடாது என்ற வழக்கம்கூட வந்தது. குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் கோயில் உண்டு. மாரியம்மன் அங்கே மாலியெமென் ஆகியிருக்கிறாள், மதுரைவீரன் மால்தெவிலென். மொழி மறந்துபோன தலைமுறைகள் கும்பிடுகின்றன. அந்தச் சாமிகளை ஊரிலிருந்து தூக்கிப்போனவர்கள் யார் யார் என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஒரே கப்பலில் வந்த, ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத ஆட்கள் சேர்ந்து நட்ட கல் அது.

இதைச் சொன்னபோது கீரனூர்ப் பெண் மடக்கினாள். "அது துறவு இல்லையேக்கா, பறிகொடுத்தது." உண்மைதான். விட்டதும் பறிகொடுத்ததும் ஒன்றாகாது, சமணமும் ஒன்றாகக் கொள்ளாது. விரும்பி விடாத எதுவும் துறவில் சேராது. ஆனால் அடியில் இருக்கும் மனம் ஒன்றுதானே. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மனம் காலியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறோம். காலியாவதில்லை. பக்கத்தில் யார் படுத்திருக்கிறாரோ அவரைப் பிடித்துக்கொள்கிறது. முதல் இரவிலேயே பிடித்துக்கொள்கிறது. சமணர்கள் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் நோய் கண்டதில் பிசகு இல்லை. அது நோய்தானா என்பதில்தான் நான் தயங்குகிறேன்.

பசி வந்தது. கீரனூர்ப் பெண்ணின் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். கிழங்கு தொடாத சமணர் மலையடியில் கிழங்கு சாப்பிடுகிறோம் என்று நான் சொல்லவும் ஆலங்குடிக்காரன் கையை எடுத்துவிட்டான். இங்கே தவம் செய்தவர்களுக்கு அந்தச் சோதனையே வரவில்லை, உருளைக்கிழங்கு அப்போது இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை என்றேன். இரண்டு பங்காக எடுத்துக்கொண்டான்.

அதே குன்றில் குடைந்த அறிவர் கோயிலில் கூட்டம் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பெயரைப் படித்ததும் கீரனூர்ப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்பை விட முடியாத கௌதமரின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் வந்து இடிந்ததைக் கட்டியிருக்கிறார். தற்செயல்தான், நான் இதை வைத்து ஒன்றும் நிறுவப் போவதில்லை.

கூரையில் அந்தத் தாமரைக் குளத்து ஓவியம். தீர்த்தங்கரர் உபதேசம் கேட்கப் போகிறவர்கள் கடந்துபோகும் இடங்களில் ஒன்று. யானையும் எருமையும் மீனும் அன்னமும் தாமரைக் கொடிகளுக்கு நடுவே கலந்து கிடக்கின்றன. பூப்பறிக்கும் ஆட்கள் மூவர். அவர்களில் இருவர் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவர் வலக்கையால் பறிக்கிறார், இடக்கையில் பூக்கூடை. இன்னொருவர் கையில் தாமரை. மூன்றாமவர் தள்ளி நிற்கிறார், தோளில் தண்டோடு பூக்கள். சேர்ந்து நிற்கும் இருவரும் அண்ணன் தம்பியா, அன்றுதான் வழியில் பார்த்துக்கொண்டவர்களா என்று சித்திரம் சொல்லவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பற்றை அறுக்கச் சொல்லும் உபதேசத்துக்குப் போகிற வழியில், ஓவியன் அவர்களைச் சேர்த்தே நிறுத்தியிருக்கிறான்.

புதுக்கோட்டை வந்ததும் அவர்கள் கீரனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மிச்சக் கடலையைப் பையோடு என்னிடம் தந்துவிட்டான் ஆலங்குடிக்காரன், பையைத் திருப்பித்தர வேண்டாம் என்றும் சொன்னான். அறந்தாங்கிப் பெண் தன் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாள், அப்படியே அந்தச் சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஐந்து குற்றங்களையும் விளக்கி என் நிலையை எழுத வேண்டும். எருமி நாட்டுக் காவுடிக்கு, அந்தக் கல்லில் படுத்த கடைசி நாள்வரை, இளையரைப் பொறுத்தமட்டில் மூன்றாவது குற்றம் இருந்திருக்கும் என்றுதான் எழுதப்போகிறேன். சான்று எங்கே என்று நெறியாளர் கேட்பார். ஊர்ப்பெயர் வெட்டிய அந்தக் கல்வெட்டைத்தான் காட்ட முடியும்.